அசனப் பந்தியில் ஓர் இலை

என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். சபைக் கமிட்டி கூடிப் பேசி, செயலாளர் கையெழுத்துப் போட்டு, என் வீட்டுக் கேட்டில் செருகிவிட்டுப் போன தாள் இப்போதும் ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. அசனப் பண்டிகையில் பந்தியை நிறுத்திச் சபையாரைக் காக்கவைத்ததற்கு நான் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். தெரிவிக்க மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருடத்துக்கு ஒரு நாள் அசனம் வரும். சபையார் அரிசியும் ஆடும் கொண்டுவந்து கொடுக்க, பெரிய கிடாரங்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, ஜெபம் பண்ணி, எல்லாரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். துறைமுகத்தில் பெரிய வேலையில் இருப்பவரும் உப்பளத்தில் உப்பு வாருகிறவரும் தரையில் சம்மணம் போட்டு அடுத்தடுத்து உட்காருவது அந்த ஒரு நாள்தான். படுக்கையில் கிடப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வீட்டுக்குப் பார்சல் போகும். ஆண்கள் பந்தி வெளியே பந்தலில், பெண்கள் பந்தி மண்டபத்துக்குள். பெண்கள் பந்திக்குப் பதினைந்து வருடமாக நான்தான் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் குரல் மைக் இல்லாமலே கடைசி இலைவரை கேட்கும்.

கோயிலைப் பெருக்கி, மணி அடிக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் எங்கள் கோயில்பிள்ளையாக இருந்தவர். அவர் இறந்த பிறகு மணிக்கயிறும் விளக்குமாறும் இந்த அம்மா கைக்கு வந்தன. ஒரே பிள்ளை. ஊரெல்லாம் பையன் என்று நினைத்திருந்த அந்தப் பிள்ளை, பதினேழு வயதில், நான் பெண் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டாள். இப்போது கோயம்புத்தூரில் திருநங்கைகள் சேர்ந்து நடத்துகிற ஒரு சமையல் குழுவில் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் ஐந்நூறு பேருக்கு ஆக்கினாலும் அவள் ருசி பார்த்த பிறகுதான் அண்டாவை இறக்குவார்களாம்.

ஒன்பது வருடமாக அம்மாவும் மகளும் திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டை என்கிற சின்ன ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள ஒரு ஹோட்டலில்தான் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டால் சபையார் கண்ணில் படமாட்டோம் என்று அந்த அம்மா நினைத்திருந்தார். பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தவர்கள் வந்து என்னிடம் சொல்லவும் செய்தார்கள். நானும் உச்சுக்கொட்டிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அசனத்துக்கு வருவேன், பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், ஒரே ஒரு தடவை போதும் என்று போனில் சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் வந்து இதைச் சொன்னபோது, விளக்குமாற்றைத் தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டே நின்றார். என்னிடம் அனுமதி கேட்கிறாரா, மகளைத் தடுக்கச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. வரட்டும் என்றேன்.

வந்தாள். ஆராதனை முடிந்து, முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரம். உப்பளக் காற்று மண்டபத்துக்குள் அடித்து இலைகளைப் புரட்ட, பெண்கள் ஆளுக்கொரு டம்ளரை இலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் மகளும் ஒரே மாதிரி அரக்குச் சேலையில் வாசலில் நின்றார்கள். மகள் இரண்டாக எடுத்து வந்திருக்கிறாள். இலைமுன் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த அம்மாவை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

செயலாளர் என்னைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவர் கெட்டவர் கிடையாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நாற்காலி கொண்டுவந்து போடுகிறவர். அதனால்தான் எனக்கு அவர்மேல் கூடுதல் கோபம்.

"டீச்சர், நாம கொடுக்க மாட்டோம்னா சொல்லுதோம்? கறியக் கூடவே வச்சு, ரெண்டு பேருக்கும் நல்லாப் பார்சல் கட்டிக் கொடுத்துருவோம். வீட்டுல போயி நிம்மதியா சாப்பிடட்டும். இங்கன எந்தப் பந்தியில உக்கார வைப்பிய?"

"பொம்பளைங்க பந்தியில, அண்ணாச்சி. அதுக்கு நான்தான் பொறுப்பு."

சில பெண்கள் தன்னிடம் வந்து முறையிட்டதாகச் சொன்னார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றார். புது ஐயர் வந்து நடக்கிற முதல் அசனம், பிரச்சனை வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்ற ஐயரைப் பார்த்தேன். சின்ன வயசுப் பாதிரியார், நன்றாகப் பிரசங்கம் பண்ணுவார். அவர் கமிட்டி முடிவுதான் என் முடிவும் என்று சொல்லிவிட்டுப் பந்தல் பக்கம் நடந்தார்.

படுக்கையில் கிடப்பவர்களுக்குத்தான் பார்சல். கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறவளுக்கு என்ன நோய்? சோறு கொடுப்பதில் எங்கள் சபையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊருக்குள் வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் அண்டா தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள். கொடுப்போம், கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். பக்கத்தில் உட்கார் என்றால்தான் எங்களுக்கு வேதம் மறந்துபோகிறது. நாங்கள் கும்பிடுகிறவர் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்குச் சோறு போட்டார் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் குறை சொல்லவில்லை. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்றுதான் குறை சொன்னார்கள். ஞாயிறு பள்ளியில் இதை வருடாவருடம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

திரும்பி வந்தபோது அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பார்சலே போதும் டீச்சர். நாளைக்கும் நான் இந்தக் கோயில் மணிய அடிக்கணும்லா."

மகள் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கண் முழுக்கத் தரையில் விரித்திருந்த இலைகள்மேல். அப்போது எனக்கு வேறொரு கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். நாடகத்துக்கு நான் ஆள் பிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கவுன் போட்டு வருகிற தேவதூதராக நிற்கட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். நான் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. மேய்ப்பன் வேஷம் கொடுத்து, அவள் உதட்டுக்கு மேல் நானே மையால் தடித்த மீசை வரைந்தேன். நாடகம் முடிகிறவரை அந்தப் பிள்ளை அழுதது, மை கரைந்து வாய்க்குள் போனது. அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

கொட்டகையிலிருந்து தூக்கிவந்த குழம்பு வாளியைத் தரையில் வைத்தேன்.

"இவ உக்காராம இந்த வாளி நகராது" என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். என் முகத்தைப் பார்த்தார்கள், அவர்களும் வாளிகளைக் கீழே வைத்தார்கள். செயலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். இருநூறு இலையில் சோறு விழுந்தாயிற்று, குழம்பு விழவில்லை. பின் வரிசையில் ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. ஆமாம், காக்கவைத்தேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், வருத்தப்படத்தான் மாட்டேன்.

"ஏளா, வா. அம்மாவக் கூட்டிட்டு வந்து உக்காரு."

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். நடு வரிசையில் இரண்டு இலை போட்டுச் சோறு வைத்தேன். முதலில் மகள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருடமும் பாய் விரித்து, எல்லாரும் எழுந்த பிறகு கொட்டகையில் நின்றுகொண்டே சாப்பிடுகிற அந்த அம்மா, எப்படி உட்காருவது என்று தெரியாதவர்போல் தடுமாறி உட்கார்ந்தார். உடனே இந்தப் பக்கம் இரண்டு பேர் எழுந்து போனார்கள். எதிர் வரிசையில் ஒருத்தி இலையை மடித்தாள். இன்னும் எத்தனை பேர் எழுவார்களோ என்று பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மகளுக்கு அடுத்த இலையில் இருந்தவர் பாடகர் குழுவில் மூத்த பெண்மணி. எனக்கும் அவருக்கும் ஒரு பாட்டு ராகத்தில் தகராறாகி நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்கள்.

"எனக்கு முட்டு வலி. எந்திரிச்சா மறுபடி உக்கார முடியாது. குழம்ப ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

நிஜமாகவே முட்டு வலிதானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் எழவில்லை. வாளியைத் தூக்கினேன்.

முதல் கரண்டியை அவள் இலையில்தான் ஊற்றினேன். குனிந்தபோது முகம் கிட்டத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவள்போல் மை தீட்டியிருந்தாள். இனி தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு. மீச வரஞ்சதும் தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறந்திருக்கவில்லை, கண்ணிலேயே தெரிந்தது. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், மென்றாள், கொஞ்சம் யோசித்தாள்.

"அது கெடக்கட்டும் டீச்சர். குழம்புல உப்பு கம்மி."

உப்பு வாரியே பிழைக்கிற ஊர் இது. சரியாக ஒரு நொடி கழித்து, முட்டு வலிக்காரர் தன் இலையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ஆமா, கம்மிதான் என்றார். அந்த வரிசையில் இன்னும் நாலைந்து பேர் ஆமா ஆமா என்றார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறோம், வாங்கியவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்புக் கம்மி என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்தான் அதைச் சொல்லுவார். கொட்டகைக்குப் போய் ஒரு கிண்ணம் உப்பு எடுத்துவந்து அவள் இலையில் வைத்தேன். அவள் அம்மா தலை நிமிராமல், தனக்கும் இன்னொரு கரண்டி கறி வேண்டும் என்றார்.

அந்த அம்மா இந்த ஞாயிறும் மணி அடித்தார். அடுத்த ஞாயிறு என்ன ஆகும் என்று தெரியாது. கயிற்றை அவர் கையிலிருந்து வாங்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டேன், நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க வேண்டியவளிடம் கேட்டாயிற்று என்று முதல் வரியில் எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரி இது: குழம்பில் உப்புக் கம்மியாக இருந்ததால், அடுத்த அசனத்துக்குச் சமைக்க அவளையே கூப்பிடுங்கள், சமைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள்.