முப்பத்தாறாம் நம்பர் பனியனும் என் வயிறும்

பனியன் விற்கப் போகிறவனுக்கு வாய் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம், வயிறு மட்டும் திடமாக இருக்க வேண்டும். அறுபதுகளில் திருப்பூரிலிருந்து சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்க லைனுக்குப் போய் வயிற்றைப் பறிகொடுத்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்லித் தீர்க்கிறேன்.

பதினோரு தம்ளர்

என் லைன் பல்லடத்தில் தொடங்கித் தாராபுரம் வழியாகத் தெற்கே பதினைந்து நாள். கடைக்காரர் குடிக்கக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ஒரு சித்திரை மாதம், ஒரே நாளில் பதினோரு கடை ஏறினேன். நீர்மோர், நன்னாரி சர்பத், பானகம், வெறும் பானைத் தண்ணீர் என்று பதினோரு தம்ளர் உள்ளே போயிற்று. அதில் எந்தத் தம்ளரில் என் வயிற்றைக் கெடுத்த அமீபாப் பூச்சி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார்மேலும் கோபமும் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள். தாராபுரம் ஜவுளிக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் அதட்டலாகக் கொடுத்தார்.

"குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சுப்போட்டுத்தான் ஆர்டரு."

முன் சீட்டு

திரும்பி வரும்போது பல்லடம் வருவதற்குள் பஸ்ஸை மூன்று தடவை நிறுத்தச் சொன்னேன். வேலிக்காத்தான் புதர் மறைவிலிருந்து எழுந்து வரும்போது பஸ் முழுக்க என்னையே பார்க்கும். மாத்திரை சாப்பிட்டேன், ஊசி போட்டுக்கொண்டேன். நின்றதுபோல் இருக்கும், மறுபடி வரும். பால் ஆகாது, பருப்பு ஆகாது, பரோட்டாவை மனதால்கூட நினைக்கக் கூடாது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தால் லைன் வேறொருவனுக்குப் போய்விடும், எனக்குப் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைதான். அதனால் முதலாளியிடம் மூச்சுவிடவில்லை.

ஆனால் கண்டக்டரிடம் மறைக்க முடியுமா? அடுத்த மாதம் நான் ஏறியதும் அவர் தன் துண்டை எடுத்துக் கதவோரச் சீட்டைத் தட்டிவிட்டு, உட்கார வந்த மீசைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க, இது நம்ம வவுத்துக்காரர் சீட்டுங்க."

தொளதொள

லைனுக்குப் போகிறவன் கம்பெனி பனியனைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் ஏற்பாடு. அதுவும் பலமுறை துவைத்த பனியன். கடையில் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, "பாருங்க, இத்தனை துவைத்தும் உடம்போடு ஒட்டி நிற்கிறது" என்று காட்டுவோம். நானும் பழக்கதோஷத்தில் தாராபுரத்து ஜவுளிக்கடையில் பொத்தானைக் கழற்றினேன். என் உடம்பு ஆறு மாதத்தில் என்ன ஆகியிருந்தது என்ற யோசனையே எனக்கு இல்லை. கடைக்காரர் பனியனுக்குள் நாலு விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஏனுங்க தம்பி, துவைச்சா இப்பிடித் தொளதொளன்னு ஆயிருமுங்களா? இந்தத் தடவை வேண்டாமுங்க."

இஞ்சு டேப்

நான் உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் நாலு கடையிலும் அதே கதை. துணி இளகுகிறது என்று முதலாளிக்குக் கடிதங்கள் வந்தன. அவர் நேராகத் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டும் பழனிச்சாமியிடம் போனார். பதினைந்து வருஷமாக ஊசி ஊசியாய்ப் பார்த்துத் துணி ஓட்டும் மனிதர். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று முதலாளி சொன்னபோதும் அவர் மிஷினிலிருந்து பஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வயிற்றுப் பூச்சிக்கு அவர் வேலை போவதா? எனக்கு வெட்கமாகிவிட்டது.

சட்டையைக் கழற்றிக்கொண்டு கட்டிங் மேஜை முன்னால் போய் நின்றேன். "அளந்து பாருங்க" என்றேன். பழனிச்சாமியே டேப்பை எடுத்தார். பனியனைக் கழற்றி மேஜையில் விரித்து அளந்தார். சரியாக முப்பத்தாறு இஞ்சு, பனியனின் நம்பரேதான். பிறகு என் நெஞ்சைச் சுற்றினார். முப்பத்திரண்டு. எலும்பு தட்டியதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வேலை பிழைத்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

"பனியன் மேல தப்பில்லீங்க மொதலாளி. உள்ள இருக்கற ஆளுதான் சுருங்கிப்போயிட்டாருங்க."

ரெண்டு விரல்

முதலாளி பழனிச்சாமியின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். என்னை ஒரு மாதம் வீட்டில் படுக்க வைத்தார், லைனை யாருக்கும் கொடுக்கவில்லை. திரும்பிப் போன தடவை, தாராபுரத்துக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய், கொதிக்கவைத்து ஆறிய சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார். தம்ளரைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று பூச்சி இருந்தது தன் கடைத் தம்ளரில்தானோ என்று அவருக்கு உறுத்தல். நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அதன்பின் எத்தனையோ வருஷம். நான் போனதும் ஆர்டர் புத்தகத்தைத் திறக்குமுன் அவரே என் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். நாலு விரல் போனால் திட்டு, மூன்று போனால் பெருமூச்சு. பழைய உடம்பு எனக்கு வரவே இல்லை. ஆனால் ஒரு தைப்பூசத்தின்போது அவர் கடைப் பையன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க, ரெண்டு வெரல்தான் போகுது! நம்ம தம்பி தேறிட்டாருங்க."

இழுத்துவிட்டாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்று பனியனைக் காட்டிக் காலமெல்லாம் சத்தியம் செய்து விற்ற நான், என் வயிற்றைக் காட்டி அந்தச் சத்தியத்தை ஒருநாளும் செய்ததில்லை.