ஓரகத்தியின் கன்னம்

என் கணவரின் அண்ணன் மனைவி சிரித்தால் அவிநாசித் தேர்க்கூட்டமே திரும்பிப் பார்க்கும். நானும் அதே வீட்டு மருமகள்தான். என்னிடம் வழி கேட்கக்கூட யாரும் நின்றதில்லை. எனக்கு வயிறு எரியும். மாவாட்டும்போதும் பருத்தி எடுக்கும்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு குறையாவது கிடைக்காதா என்று.

கிடைத்தது. ஓர் ஆடி மாதம் அவளுடைய வலது இமை துடிக்க ஆரம்பித்தது. ஐப்பசியில் சிரிப்பு கொஞ்சம் இடப்பக்கமாக இழுத்தது. தையில் வாய் கொப்பளிக்கும்போது வலது கடைவாயில் தண்ணீர் ஒழுகியது. வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் வலது கண்ணை மூடவே முடியாமல் போனபோதுதான் வீடு விழித்துக்கொண்டது. முகவாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் கேட்காமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம், அவளும் அவள் கணவரும், துணைக்கு நானும்.

"இது ஒரே ராத்திரியில வந்துதா, மெல்ல மெல்ல வந்துதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரே ராத்திரியிலதானுங்க. படுக்கப் போறப்ப நல்லாத்தான் இருந்தா" என்றார் அவள் கணவர்.

"அப்ப பயமில்லை. பெரும்பாலும் தானாவே சரியாயிடும்" என்று டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முகத்தைப் பற்றி என்னைவிட அவள் கணவருக்கு என்ன தெரியும்! "இல்லீங்க, ஆடியிலயே இமை துடிச்சுதுங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவள் காதுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முகத்தை அசைக்கிற நரம்புலயே வளருது. உயிருக்கு ஆபத்தில்லாத கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா விட்டா வளர்ந்துட்டே போகும். எடுக்கிறப்ப நரம்பும் போயிடலாம். அப்புறம் அந்தப் பக்கம் சிரிப்பு வராது."

எடுத்தார்கள். சோதித்துப் பார்த்து, கெட்ட கட்டியில்லை என்றார்கள். சிரிப்பு திரும்பி வரவில்லை.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ற மூஞ்சிய இத்தன கவனமா ஆரு பாத்திருக்காங்க கண்ணு? பெத்தவகூடப் பாக்கல."

பொறாமையில் பார்த்தேன் என்றா சொல்வது? "சும்மா இருங்கக்கா" என்றேன்.

இனியாவது என் வயிறு குளிரும் என்று நினைத்தேன். எங்கே! மூடாத கண் உலர்ந்துவிடாமல் இருக்க, மாலையானால் அவள் கணவர் அவள் முகத்தைக் கையில் ஏந்தி விளக்கெண்ணெய்ச் சொட்டு விடுவார். விட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். கோணிப்போன முகத்துக்கு இவ்வளவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் கேட்டேன். "ஏனுங்க, என்ற மச்சம் எந்தக் கன்னத்துல இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

அவர் வட்டலிலிருந்து தலையைத் தூக்காமல், "இடது கன்னத்துலதான். இதென்ன கேள்வி?" என்றார்.

எனக்கு மச்சமே கிடையாது.