சாமத்திய வீட்டுக் கசெற்றில் சிக்காகோ

நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சடங்கின், என் சாமத்திய வீட்டின் வீடியோ இன்று உலகத்தில் எங்குமே இல்லை. அதை அழித்தவள் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கவேண்டும். எனக்கோ பெருமையாக இருக்கிறது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஜூன் மாதம். ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கில், ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு செப்டெம்பரில் ஆள் எடுக்கப்போகிறார்கள். சேர்ந்தே தீருவது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"பெரியபிள்ளையான பிறகு அரைக்காற்சட்டையோடை ஓடுறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்றார் அம்மா. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அந்த மாதம்தான் அமெரிக்கக் கூடைப்பந்தின் இறுதித் தொடர். ரொறொன்ரோவுக்குச் சொந்த அணி வராத காலம், யாருக்குக் கை தட்டுவதென்பது அவரவர் விருப்பம். எண்பதுகளில் திரும்பத் திரும்பக் கிண்ணம் தூக்கிய லொஸ் ஏஞ்சல்ஸ் ஒரு பக்கம், ஒருமுறைகூடத் தூக்காத சிக்காகோ மறுபக்கம். நான் சிக்காகோ. வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்த அம்மா, லொஸ் ஏஞ்சல்ஸின் சிரித்த முகத்து ஆட்டக்காரர் ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் ஆட்டத்தை அவருடைய ஆட்கள் வென்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த மூன்றையும் சிக்காகோ வென்றது. நான்கு வென்றால் கிண்ணம்; ஐந்தாவது ஆட்டத்தோடு கதை முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அதைப் பதிந்துவைத்து, கோடை முழுக்க ஒவ்வொரு அசைவாகப் பழகவேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் வெற்றுக் கசெற் இல்லை. பத்துத் தடவை பார்த்துச் சலித்த ஒரு படத்தின் உறையிலிருந்த கசெற்றை எடுத்துப் போட்டேன். சிக்காகோ வென்றது. "தோத்தாலும் முகம் வாடேல்லை பார்," என்றார் அம்மா, தன் சிரித்த முகத்துக்காரரைக் காட்டி. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கியதை நாங்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து பார்த்தோம்.

இரண்டு கிழமை கழித்து, சடங்கு வீடியோ பார்க்கவென்று அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு அன்ரி வந்தார். அம்மா அதே படத்தின் உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்திட்டுத் தாறன்" என்று கொண்டுபோகிறவர்கள் திருப்பித் தருவதில்லை என்பதால், சடங்குக் கசெற்றை அம்மா அதற்குள் ஒளித்துவைத்திருந்தாராம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

திரையில், சடங்குக்குச் சோடித்த மணவறையில் நான் இருக்கவேண்டிய இடத்தில் ஆறரை அடி ஆண்கள் ஓடினார்கள்.

"உது ஆற்றை சாமத்திய வீடு?" என்றார் அன்ரி.

அன்ரிக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார் அம்மா. பிறகு உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உதைப் பாத்துப் பழகத்தானே அழிச்சனி? அப்ப பழகு. கூடைப்பந்து ரீமிலை எடுபடாமல் வந்தியெண்டால், திருப்பியும் சடங்கு செய்துபோட்டுத்தான் விடுவன்."

கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துச் சுவரில் கோடை முழுக்கப் பந்தடித்தேன். செப்டெம்பரில் அணிக்கு எடுபட்டேன்.

முதல் ஆட்டத்துக்கு அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்தார். கூடவே, தோளில் கமராவும் அதன் உச்சியில் லைற்றுமாக, என் சடங்கைப் படம்பிடித்த அதே அண்ணை. பந்தோடு ஓடிக்கொண்டிருந்த என்னிடம், "தங்கச்சி, கொஞ்சம் இஞ்சாலை பாத்துச் சிரியுங்கோ," என்றார். பார்த்தேன், சிரித்தேன், பந்தைப் பறிகொடுத்தேன்.

அந்த ஆட்டக் கசெற்றை அம்மா எந்தப் படத்தின் உறைக்குள்ளும் ஒளிக்கவில்லை. "பாத்திட்டுத் தாறன்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே, நான் அரைக்காற்சட்டையோடு ஓடுவதைப் பார்க்கச் சொல்லி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.