தங்கத்தாய் ஓய்வு பெற்றார்

சீனிவாசகத்தின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் தங்கத்தாய் தரையில் கையூன்றி எழ ஆரம்பிப்பார். கணவர் செருப்பைக் கழற்றும்போது ஒருவழியாக நிமிர்ந்து நின்றிருப்பார். தன்மேல் உள்ள மரியாதை என்றே அந்த விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி பல வருடம் நம்பினார். முழங்காலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அறுபது முடிந்ததும், சிவகாசியில் குடியிருக்கும் மகனிடம் கடையை ஒப்படைத்து, மாலை மரியாதையோடு சீனிவாசகம் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த 2005 தையில், மதுரையில் தங்கத்தாய்க்கு இரண்டு மூட்டும் மாற்றினார்கள்.

"இனிமே பாருங்க, அடுப்படியில புதுப்பொண்ணு மாதிரி ஓடுவா" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சீனிவாசகம் சொன்னார். கட்டிலில் இருந்த தங்கத்தாய் ஆப்பிளை மென்றபடி சிரித்தார். தெருப் பெண்கள் மாதாமாதம் ரயிலேறிக் கோயில் கோயிலாகப் போகிறார்கள். மூட்டு வலி வந்த நாளாக அவர்களை வழியனுப்பி வைத்ததோடு சரி. புதுக் காலில் ஓடப்போவது எங்கே என்று தங்கத்தாய் அப்போதே முடிவு செய்திருந்தார்.

தரையில் உட்காராதீர்கள், தினமும் நடங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அது, "அடுப்படியில நிக்கவே கூடாதுன்னுட்டாரு" என்று ஆகிவிட்டது. சமையலுக்கு முத்துப்பேச்சி என்ற பெண்ணை வைத்தார்கள். வீட்டுக்குள் தங்கத்தாய் தடியூன்றி, சுவரைப் பிடித்து நடப்பார். சீனிவாசகம் மதியம் கண்ணயர்ந்ததும் தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, ரயில் நிலைய மேம்பாலத்தில் படியேறிப் பழகப் போய்விடுவார்.

பட்டாசு சீசன் வந்தது. "கம்பெனி வேனு வாசலுக்கே வருதுக்கா" என்று முத்துப்பேச்சி சமையல் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். அந்த வாரமே ரயிலில் சாத்தூர் போய்த் திரும்பிய சீனிவாசகம், மேம்பாலத்தில் கைப்பிடியைக்கூடத் தொடாமல் இறங்கி வந்த மனைவியைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கம், தடி எங்க?"

"வீட்டுல கிடக்கு."

"அப்ப நின்னு சமைக்கலாம்ல?"

"நீங்க கடைய விட்டீகள்ல, நானும் அடுப்ப விட்டுட்டேன். எனக்கு மாலைதான் ஒருத்தரும் போடல."

"அப்ப சோத்துக்கு?"

"உங்க காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

வீடு வந்ததும் சீனிவாசகம் அடுப்படியில் அரிசியைத் தேட ஆரம்பித்தார்.

ராமேஸ்வரம், திருச்செந்தூர் எல்லாம் முடிந்து, இப்போது காசிக்குப் பேச்சு நடக்கிறது. வீட்டில் சமையல் சீனிவாசகம்தான். முகர்ந்து பார்த்தே எந்த ஊர் வத்தல் என்று சொல்லுகிற மனிதருக்கு, குழம்புக்கு எம்புட்டுப் போட வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் மாட்டார். தங்கத்தாய் நாற்காலியில் உட்கார்ந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன்பே தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.