பச்சை நூல் உருண்டை

திருவள்ளூர் வெயிலில் உட்கார்ந்து கம்பளி ஸ்வெட்டர் பின்னினோம் என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சீனாக்காரனோடு சண்டை வந்த வருடம், எல்லையில் குளிரில் நிற்கிற சிப்பாய்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஊசியும் நூலும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சண்டை நின்ற பிறகும் எங்கள் கை நிற்கவில்லை. டில்லித் தங்கைக்கு, பெங்களூர்ப் பேரனுக்கு, மார்கழியில் விடியற்காலை ரயிலேறி மெட்ராசுக்கு வேலைக்குப் போகிற வீட்டுக்காரருக்கு என்று யாராவது ஒருவர் அகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆறு பேர். புதன்கிழமை மதியம் டாக்டர் வீட்டு ஹாலில் கூடுவோம். அங்கேதான் நல்ல மின்விசிறி இருந்தது. டாக்டரின் மனைவி, தபால் ஆபீஸ் அதிகாரியின் மனைவி, கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டிலிருந்து ஓரகத்திகள் இருவர், பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நெல்வயல்காரம்மா, பிறகு நான். சும்மா பின்னினால் ஊர்வம்பு வளர்கிறது என்று டாக்டரின் மனைவிதான் புத்தகம் படிக்கிற யோசனையைச் சொன்னார். ஒருத்தி படிப்பாள், மற்றவர்கள் பின்னிக்கொண்டே கேட்பார்கள்.

படிக்கிறவளுக்குப் பின்ன முடியாது அல்லவா? அவள் வேலை நிற்கக்கூடாது என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். அவளுடைய பின்னல் கைமாறிக் கைமாறி வட்டமாகப் போகும். ஆளுக்கு இரண்டு வரிசை போட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கதை முடிகிறபோது அவளுடைய ஸ்வெட்டரும் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டர் அப்படி ஐந்து பேர் கைபட்டு வளர்ந்ததுதான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்ததைத் தேர்ந்தெடுப்போம். அதற்கும் ஒரு முறை இருந்தது. புத்தகம் கொண்டு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவார்கள். பிறகு புத்தகங்களை மேசையில் விரித்து வைப்போம். பிடித்த புத்தகத்தின் நடுவில் அவரவர் நூல் உருண்டையை வைக்க வேண்டும். உருண்டையிலிருந்து நூல் அவரவர் மடிக்கு நீண்டிருக்கும் என்பதால் யார் எதற்கு வைத்தார்கள் என்பதை மறைக்கவே முடியாது. ஓரகத்திகளில் மூத்தவள் ஒன்றில் வைத்தால் இளையவள் வேறு எதிலாவது வைப்பாள். அவர்கள் வீட்டு வழக்கு அது, புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜெயித்த புத்தகத்தைக் கொண்டு வந்தவள் விசிறிக்கு நேர் கீழே இருக்கிற பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள்.

நான்கு வருடமாக அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தேன். ஒரு பெட்டி நிறைய. ஒவ்வோர் அத்தியாயமும் கதவு தட்டப்படுகிற இடத்தில், கத்தி மின்னுகிற இடத்தில் முடியும். நான் அந்த இடத்துக்கு வந்ததும் குரலை இறக்குவேன். ஹாலில் ஐந்து ஜோடி ஊசிகளும் ஒரேயடியாக நின்றுவிடும். அந்த நிசப்தத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் சோறு வடித்தேன், துணி துவைத்தேன், மாமியாரிடம் பேச்சு வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். வேறெங்கும் யாரும் அப்படி என் வாயைப் பார்த்து உட்கார்ந்தது கிடையாது.

அப்போதுதான் அவள் வந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். புருஷனுக்கு சர்வே ஆபீசில் உத்தியோகம், மாற்றலாகி வந்திருந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவள், தமிழைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பாள். முதல் நாள் பாசிப்பச்சை நூலில் ஒரு குழந்தை ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காமலே பின்னினாள். அதைப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தேர்வுக்கு அவளும் ஒரு புத்தகம் கொண்டு வந்தாள். நூலகத்துப் புத்தகம், அட்டைகூடச் சரியாக இல்லை. ஒரு சமையல்காரர் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கக் கிளம்புகிறார். கடை கடையாகப் போகிறார், பேரம் பேசுகிறார், பழைய சண்டைக்காரன் ஒருவனைப் பார்க்கிறார், இருவரும் காபி குடிக்கிறார்கள். ஒரு கொலை இல்லை, கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லை. அவள் அந்த ஒரு பக்கத்தையும் தட்டுத் தடுமாறிப் படித்தாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு என் உருண்டையை என் புத்தகத்தில் வைத்தேன். மூத்த ஓரகத்தியும் என் பக்கம் வைத்தாள். அவ்வளவுதான். மற்ற ஐந்து உருண்டைகளும் சமையல்காரர் மேல் போய் உட்கார்ந்தன. டாக்டரின் மனைவியுடைய வெள்ளை, தபால் ஆபீஸ் அம்மாவின் நீலம், கொலைக்கதை என்றால் பஸ்ஸைக்கூட விட்டுவிடுகிற நெல்வயல்காரம்மாவின் அரக்கு. அந்த அரக்குதான் என்னைச் சுட்டது.

“இன்னாத்துக்கு இந்தக் கதை? இதுல இன்னா இருக்குது?” என்று கேட்டேவிட்டேன்.

நெல்வயல்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு மாத்தத்துக்குத்தான். கேட்டுத்தான் பாப்போமே” என்றார்.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். “எங்க ஊர்ல வேர்க்கடலை உரிக்கறப்போ எங்க நைனா படிச்சிக் காட்டுவாரு அக்கா. கதை கேட்டுனே இருக்கணும், கடலையும் உரிஞ்சினே இருக்கணும், கை நின்னா அது நமக்கு ஆவாதும்பாரு. அதைத்தான் நானும் பாத்து எடுக்கறேன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. கை நிற்பதற்காகவே நான் படித்துக்கொண்டிருக்க, கை நின்றால் ஆகாது என்கிறாள் இவள். நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் தரையில், பாயில். நிறுத்தி நிறுத்தி அவள் படித்த இரண்டு மாதமும் ஊசிகள் ஒரே சீராகச் சத்தமிட்டுக்கொண்டிருந்தன. நடுநடுவே யாராவது சிரிப்பார்கள். சமையல்காரர் சண்டைக்காரனோடு சமாதானமாகிற இடத்தில் டாக்டரின் மனைவி கண் கலங்கினார், பின்னிக்கொண்டேதான். அவளுடைய பச்சைப் பின்னல் என் கைக்கு வரும்போதெல்லாம் இரண்டு வரிசையை வேண்டுமென்றே இறுக்கிப் போட்டேன். அதை வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பொறாமை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது. அவள் தமிழைவிட என் தமிழ் நன்றாக இருந்தது, குரல் நன்றாக இருந்தது, பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது. அத்தனையும் இருந்தும் நாற்காலி அவளிடம் இருந்தது. ரசம் வைக்கிறபோதுகூட அவள் உட்கார்ந்திருக்கிற தோரணை கண்முன் வந்து நிற்கும்.

சமையல்காரர் கதை முடிகிற வாரம் அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள், நூலகத்தில் அடுத்த புத்தகத்தையும் பார்த்து வைத்துவிட்டாளாம். அக்கா தங்கை இருவர் சேர்ந்து பாகம் பிரிக்காமல் ஒரு வீட்டைச் செப்பனிடுகிற கதை. பெயரும் சொன்னாள். மறுநாள் காலை நூலகம் திறக்கும்போது வாசலில் நான் நின்றேன். இருந்தது ஒரே பிரதிதான். எடுத்து வந்து பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

அடுத்த புதன்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள். புத்தகத்தை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். “சரி, தேர்வை மாசக் கடைசியில வச்சிக்கலாம், அதுவரைக்கும் ஏதாவது படி” என்று டாக்டரின் மனைவி என்னைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து என் சின்னத் தொடர்கதை ஒன்றைப் படித்தேன். கத்தி மின்னியது, ஊசிகள் நின்றன. அவள் ஊசி மட்டும் நிற்கவில்லை. நான் குரலை இறக்க இறக்க அவள் பாட்டுக்குப் பின்னிக்கொண்டே போனாள். ஜெயித்த சந்தோஷத்தை அந்த ஒரு ஜோடி ஊசி கெடுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மார்கழி பிறக்கப் போகிறது என்று ஸ்வெட்டரை வெயிலில் போட்டிருந்தேன்.

“அக்கா, அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்குதுன்னு லைப்ரரில சொன்னாங்க.”

“எங்கிட்டயா? இல்லியே” என்றேன். வாய் கூசாமல் வந்தது.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “அப்ப லைப்ரரிக்காரரு மறந்துட்டிருப்பாரு” என்றாள். பிறகு பேச்சை மாற்றுகிறவளாகக் கொடியில் கிடந்த சாம்பல் நிற ஸ்வெட்டரின் இடது கையைப் பிடித்துப் பார்த்தாள். அது வலது கையைவிட நான்கு விரற்கடை நீளம். என் வீட்டுக்காரர் அதை மடித்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். ஐந்து பேர் அளவு ஐந்து விதம், அதனால் அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

“இது நீங்க படிக்கறப்போ பின்னினதா?” என்றாள். ஆமாம், வலது கை மட்டும் நான் வீட்டில் தனியாகப் போட்டது என்றேன். அவள் வரிசைகளை விரலால் எண்ணினாள். “பாருங்க, இங்க ரெண்டு வரிசை, மறுபடியும் அதே ஆளு போட்ட ரெண்டு வரிசை. கதையில பயந்து போயி நின்னுட்டு, தான் பின்னிட்டமா இல்லியான்னு தெரியாம திரும்பப் பின்னியிருக்காங்க.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்களுக்குத் தெரியாதா அக்கா? நீங்க படிக்கற அன்னிக்குப் பின்னினதை எல்லாரும் ஊட்டுக்குப் போயி பிரிச்சிடறாங்க. பின்னல் கண்ணு நழுவிடுது, கணக்கு தப்பிடுது. கோயில் வீட்டு அம்மாதான் சொன்னாங்க. உங்கள்த மட்டும் பிரிச்சா நீங்க கேப்பீங்கன்னு அப்டியே உட்டுட்டாங்க.”

நான்கு வருடம். புதன்கிழமை மதியம் முழுக்கப் பின்னுவது, ராத்திரிக்குள் பிரித்து மறுபடி உருண்டையாகச் சுற்றுவது, அடுத்த வாரம் சிரித்த முகத்தோடு வந்து உட்காருவது. ஒருத்தியும் மூச்சு விடவில்லை. என்மேல் இருந்த பிரியமா, என் வாய்க்குப் பயந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“நீ மட்டும் நிறுத்தாம பின்றியே” என்றேன். அது கேள்வியா குற்றச்சாட்டா என்பது எனக்கே புரியவில்லை.

“நான் இன்னா செய்வேன், எனக்கும் கணக்கு தப்பிடும். அதான் அன்னிக்கு மஃப்ளர் எடுத்துனு வந்தேன். அதுல குறைக்கறது கூட்டறது ஒண்ணும் கிடையாது, ஒரே நேர். கொஞ்சம் நீண்டாலும் போர்த்திக்கலாம்.”

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். அக்கா சுண்ணாம்பு கலக்குகிறாள், தங்கை ஓடு எண்ணுகிறாள், வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். படித்துக்கொண்டே ஒரு கையுறையும் பின்னி முடித்திருந்தேன். அளவு கச்சிதமாக வந்திருந்தது. எரிச்சலாக இருந்தது எனக்கு. திங்கட்கிழமை புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மாதக் கடைசித் தேர்வுக்கு இருவரும் கொண்டு வந்திருந்தோம். அவள் அந்த அக்கா தங்கைக் கதை. நான் என்னிடம் இருந்ததிலேயே பயங்கரமானதை எடுத்துப் போயிருந்தேன், பிரித்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று. புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று டாக்டரின் மனைவி அவளைக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரோ படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றாள்.

இருவரும் ஒரு பக்கம் படித்தோம். மேசையில் புத்தகங்களை விரித்தோம். நான் என்னுடையதில் வைத்தேன். மூத்த ஓரகத்தி என் பக்கம், இளையவள் வழக்கம்போல எதிர்ப்பக்கம். டாக்டரின் மனைவி அந்தப் பக்கம், தபால் ஆபீஸ் அம்மாவும் அந்தப் பக்கம். நெல்வயல்காரம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு ஒரு கொலையாவது வேணும்பா” என்று அரக்கு உருண்டையை என்னுடையதில் வைத்தார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. மிச்சம் இருந்தது பச்சை ஒன்றுதான்.

அவரவர் புத்தகத்துக்கு அவரவர் வைத்துக்கொள்வதில் தப்பே கிடையாது, நான் நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எனவே எழுந்து பாயில் போய் உட்கார்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்டேன். அவள் பையில் கைவிட்டாள். வந்தது குழந்தை ஸ்வெட்டர் இல்லை. மஃப்ளர். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள். பச்சை உருண்டையை எடுத்து என் புத்தகத்தின் நடுவில் வைத்தாள்.

“நீங்க படிங்க அக்கா” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றியது. அவளுக்கு நான் பொய் சொன்னது தெரியும், புத்தகம் எங்கே இருந்தது என்பது தெரியும், நான் படிப்பதைக் கேட்கும்போது மடியில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த மஃப்ளர் யோசனை நான்கு வருடத்தில் வேறு ஒருத்திக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கதவு தட்டப்படுகிற இடம் வந்தது. குரலை இறக்கினேன். மற்ற ஊசிகள் எல்லாம் நின்றன, அவளுடையது ஓடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது அவள் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிப்பதைக் கேட்பதிலும் அவள்தான் முதல். அன்றைக்கு எனக்கு வந்த வயிற்றெரிச்சல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.