கொட்டச்சேட்டுக் கிங்ஸ்டனின் பச்சை டிக்

ஏற்காட்டு மலையில் இருக்கும் கொட்டச்சேட்டில் கிங்ஸ்டனைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவன் விட்டால்தானே! சேலத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே 'டெஸ்டர்' வேலை பார்க்கிறான். மற்றவர்கள் செய்த செல்போன் ஆப்பைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வதுதான் உத்தியோகம். ஆனால் எஸ்டேட் ரைட்டரிலிருந்து ஜீப் டிரைவர் வரை எல்லாரிடமும், "நான் தட்டறதில்லீங்க, எனக்காக மெஷினே தட்டும்" என்று பீற்றிக்கொள்வான்.

அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஒருமுறை அவன் கிளிக் செய்து காட்டினால், திரையில் எந்தெந்த இடம் என்று ஒரு கருவி பதிந்துகொள்ளும். பிறகு அதே இடங்களில் தானாகவே கிளிக் செய்யும். கிளிக் விழுந்தாலே போதும், 'பாஸ்' என்று பச்சை டிக் போட்டுவிடும். அதுவரை நம் கிங்ஸ்டன் துரை காப்பி குடித்துக்கொண்டு பனியை ரசிப்பார்.

கூட வேலை பார்க்கும் புஷ்பலதா கையால் அமுக்கி, கண்ணால் பார்த்துச் சோதிப்பவள். வாயும் சும்மா இருக்காது. ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றுக்குச் செய்த ரூம் புக்கிங் ஆப்பை அந்த லாட்ஜிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க கிங்ஸ்டன், இங்க சிக்னல் நொம்ப மோசமுங்க. லாட்ஜ் போட்டோ லேட்டா வருது. வந்ததும் பட்டனெல்லாம் கீழ எறங்கிருது. 'உறுதி செய்'ய அமுக்கப் போனா 'ரத்து செய்' மேல வெரல் விழுது."

"என்ரதுல எல்லாம் பச்சைங்க. உங்க வெரலத்தான் டெஸ்ட் பண்ணோணும்."

"உங்க மெஷினு எடத்தத்தான பாக்குது? பட்டனோட பேர வெச்சுத் தேடற மாதிரி எழுதுங்க. எங்க நகந்தாலும் கண்டுபிடிச்சுக்கும்."

ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதுவதா? சோம்பேறிக்கு அது வேப்பங்காய். "சரிங்க, சரிங்க" என்று போனை வைத்தான்.

முதலாளி சந்திரசேகர் முன்பே சொல்லியிருந்தார். லாட்ஜ்காரருக்கு ஆப்பை ஓட்டிக் காட்டும் டெமோ நன்றாக நடந்தால் மலையிலேயே இருக்கலாம். சொதப்பினால் தினமும் பஸ் பிடித்துச் சேலம் ஆபீசுக்கு வர வேண்டும். சித்திரை வெயிலில் சேலம்! நினைக்கும்போதே அவனுக்கு வியர்த்தது.

டெமோ நாளன்று கிங்ஸ்டன் மலையிறங்கிச் சேலம் ஆபீசுக்குப் போனான்; லாட்ஜ்காரர் மனுவேலும் வந்தார். "பொய்ப் புக்கிங்கெல்லாம் வேண்டாங்க. கோடை விழாவுக்கு வந்திருக்கற புக்கிங்கையே உறுதி பண்ணிக் காட்டுங்க" என்றார். புஷ்பலதா வேண்டாம் என்று தலையாட்டினாள். கிங்ஸ்டன் கருவியை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மலைக்காரன் மாட்டியது இங்கேதான். கொட்டச்சேட்டுச் சிக்னலில் அந்தப் போட்டோ ஒருநாளும் கிளிக்குக்கு முன்னால் வந்து சேர்ந்ததில்லை. சேலத்திலோ கண் மூடித் திறப்பதற்குள் வந்து பட்டன்களைக் கீழே தள்ளிவிட்டது. 'உறுதி செய்' இருந்த இடத்துக்கு, அதற்கு மேலேயிருந்த 'ரத்து செய்' இறங்கி வந்தது. கருவிக்கு என்ன தெரியும், பாவம்! சொன்ன இடத்தில் பதவிசாகக் கிளிக் செய்தது. பச்சை டிக் விழ விழ கிங்ஸ்டனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மனுவேலின் போன் அடித்தது; ரூம் போட்டிருந்தவர் ஒருவர். "ஏனுங்க, ரூம் கேன்சல்னு மெசேஜ் வருதுங்களே?" வைப்பதற்குள் அடுத்த போன். "நிறுத்துங்க சாமி!" என்று அவர் அலறினார்.

"ஆனா... எல்லாம் பாஸ் ஆயிருச்சுங்களே" என்று முனகினான் கிங்ஸ்டன். வெட்கங்கெட்டவன்!

ரத்தானதையெல்லாம் புஷ்பலதாதான் பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே மீட்டாள். அவள் எழுந்ததும் சந்திரசேகர் கிங்ஸ்டனைக் கூப்பிட்டார். போச்சு, இனி பஸ்தான் என்று கதிகலங்கிப் போய் நின்றான்.

"நீங்க மலையிலயே இருங்க."

அவனுக்குக் காலில் விழத் தோன்றியது.

"மெஷினுக்கு வேண்டியதப் புஷ்பலதா எழுதிக்குவாங்க. ஆனா சிக்னல் இல்லாத ஊருல மனுசன் எப்படித் தடுமாறுவான்னு பாக்கறதுக்கு ஆள் வேணும். ஒவ்வொரு பட்டனா நீங்க வெரலால அமுக்கிப் பாருங்க."

இப்போது கிங்ஸ்டன் வாசலில் உட்கார்ந்து, போட்டோ எப்போது வரும் என்று விரலைத் தூக்கியபடி காத்திருக்கிறான். பக்கத்தில் காப்பி ஆறிக் கிடக்கிறது. போகிற வழியில் ஜீப்பை நிறுத்திய டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, நீங்களே தட்டறீங்க? மெஷினு லீவுங்களா?"