சம்பந்தியின்ர ஊரை விசாரிச்சது

என்ர மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போறன் எண்டு சொன்ன நேரம் நான் அழேல்லை. எங்கட கட்டடத்துச் சனம் நான் அழுதிருப்பன் எண்டுதான் இண்டைக்கும் நினைக்குது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய ஆறுதல். வெள்ளைக்காரர் எண்டால் "நீங்கள் எவடம்? எந்தக் கோயில்? ஆற்ர ஆக்கள்?" எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். அப்பாடா, தப்பிட்டன் எண்டு நினைச்சன்.

எங்க தப்பிறது!

பெடியனின்ர தாய் இஞ்ச நோத்ர-டாம்-த-கிரேஸ் எண்ட பகுதியில தனிய இருக்கிறவ. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு ஓய்வெடுத்த மனுசி. முதல்முதல் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டவ. நான் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிஞ்சு, கோட்-டெ-நெய்ஜில இருக்கிற எங்கட வீட்டுக்கு வந்து குளிச்சு, நல்ல சீலை உடுத்து, சுட்ட வடையைக் காவிக்கொண்டு பஸ்ஸில போனன். போனால் மேசையில வடையை வைக்க இடமில்லை. சுவருக்கு ஒட்டுற கடதாசிச் சுருளை விரிச்சு, அதில தன்ர வம்சத்தைக் கோடு கோடாய்க் கீறி வைச்சிருக்கிறா. இங்கிலாந்தில ஏதோ ஒரு மூலையில சின்னப் பங்காம், ஒரு வேதக்கோயிலுக்கு உட்பட்ட ஊர். ஒரு கோயில், கொஞ்ச வீடுகள், சுத்திவர வயலும் செம்மறியும். அங்க ஆர் ஆருக்குப் பிறந்தது, ஆர் ஆரைக் கட்டினது, ஆரை எவடத்தில புதைச்சது எண்டு தேடுறதுதான் இப்ப மனுசியின்ர முழுநேர வேலை.

கடதாசியின்ர வலப்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. அதைத் தட்டிக் காட்டி, "இது உங்கட பக்கம்" எண்டா. "சொல்லுங்கோ. உங்கட அப்பாவின்ர ஊர் எது? அவர் என்ன தொழில் செய்தவர்? எங்கட பங்கில ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோயிலில இருக்கிறதுக்கெண்டு ஒவ்வொரு நீட்டு வாங்கு இருந்தது. உங்கட ஆக்கள் எந்த வாங்கில இருந்தவை?"

இஞ்சயுமோ இந்தக் கேள்வி எண்டு நினைச்சன்.

எங்கட ஊரில கலியாணம் பேசேக்க "என்ன சாதி" எண்டு ஒருத்தரும் வாய் திறந்து கேக்கிறேல்லை. ஊரைக் கேப்பினம், ஒழுங்கையைக் கேப்பினம், எந்தக் கோயில் எண்டு கேப்பினம். அதோட அவைக்கு எல்லாம் விளங்கிடும். அப்பவும் ஐமிச்சம் எண்டால் ஒரு ஆளை ஊருக்கு அனுப்பி, கடையடியில நிண்டு விசாரிப்பினம். நாங்கள் கோயிலில பின்னுக்கு, நிலத்தில இருந்து பூசை கண்ட ஆக்கள். வாங்கு முன்னுக்கு இருந்தவைக்கு. ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்டு எண்டு சுவாமியார் பிரசங்கம் வைப்பார், அதையும் நிலத்தில இருந்துதான் கேட்டனாங்கள். இதை நான் என்ர மகளுக்கு ஒருநாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. இஞ்ச பிறந்து, பிரெஞ்சில சண்டை பிடிச்சு வளர்ந்த பிள்ளை. அவளுக்கு என்னத்துக்கு உந்தக் குப்பை? நான் சாகேக்க என்னோட சேத்து அதையும் புதைக்கட்டும் எண்டு இருந்தனான்.

"எல்லாம் சண்டையில போச்சு. ஒண்டும் ஞாபகமில்லை" எண்டன். மனுசி தலையை ஆட்டினா. ஆனால் விடேல்லை.

அடுத்த கிழமை ஃபோன். உங்கட கோயிலின்ர படம் ஏதும் இருக்கோ? பேந்து இன்னொரு ஃபோன். உங்கட அம்மாவின்ர ஆக்களும் அதே ஊரோ, வேற ஊரோ? என்ர வாயைக் கிண்டிப் பாத்துச் சரிவரேல்லை எண்டவுடன மகளைப் பிடிச்சா. ஒருநாள் மகள் ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து நீட்டுறாள். அதுக்குள்ள துப்பித் தரட்டாம், எங்கட வம்சம் எங்க இருந்து வந்தது எண்டு ஆய்வுகூடத்தில பாப்பினமாம்.

"துப்பலோ!" எண்டு கத்தினன். "போய்ச் சொல்லு, துப்பிறதெண்டால் நான் வேற இடத்தில துப்புவன் எண்டு!"

மகள் சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. இது தானாய் வந்த கேள்வியில்லை, எங்கட சனத்தில ஆரோ மனுசியின்ர காதில ஓதியிருக்கு எண்டு நினைச்சன். ஞாயிறுப் பூசையில என்னைப் பாத்துச் சிரிச்ச ஒவ்வொருத்தியையும் சந்தேகப்பட்டன். ஒருத்தி "கலியாணம் எப்ப?" எண்டு கேட்டதுக்கு, "உமக்கென்ன அவசரம்?" எண்டு பாஞ்சிட்டன். பாவம், சீலை எடுக்கத்தான் கேட்டிருப்பா.

யோசிச்சு யோசிச்சுக் கொதி ஏறிட்டுது. எங்களைத் தோண்டுறாவோ? அவவின்ர குடும்பம் மட்டும் என்ன வானத்தில இருந்து குதிச்சதோ? இங்கிலாந்தில இருக்கிற என்ர தம்பிக்கு ஃபோன் எடுத்தன். "ஒருக்கா அந்த ஊருக்குப் போட்டு வா. என்ன மாதிரி ஆக்கள், குடி கிடி இருக்கோ, வருத்தம் ஏதும் பரம்பரையில ஓடுதோ, எல்லாம் விசாரி" எண்டன்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ? இது இங்கிலாந்து" எண்டான்.

"மருமகளில பாசமிருந்தால் போ."

போனான். வெறுங்கையோட போகக்கூடாதெண்டு லட்டுப் பெட்டியும் கொண்டு போனவனாம். ஞாயிறு பூசை முடிய, கோயிலைப் பூட்டித் திறக்கிற திறப்பு வைச்சிருக்கிற அம்மாவை மறிச்சு, "இந்தக் குடும்பம் எப்பிடி? நல்ல குடும்பமோ?" எண்டு கேட்டிருக்கிறான். பேந்து மதுக்கடையிலயும் போய் அதையே கேட்டிருக்கிறான். அங்கத்தைச் சனம் காணி வாங்க வந்தவன் எண்டு ஒரு பக்கம், வழக்குப் போட வந்தவன் எண்டு ஒரு பக்கம் நினைச்சு முழுசியிருக்கு. கடைசியில உண்மையைச் சொல்லிப்போட்டான். அக்காவின்ர பிள்ளைக்குக் கலியாணம், அதுதான் விசாரிக்கிறம் எண்டு. லட்டு நல்லாய் இருந்ததெண்டு சொன்னவையாம், வேற ஒண்டும் சொல்லேல்லையாம்.

அந்தத் திறப்புக்கார அம்மா எங்கட சம்பந்தியோட வம்சம் தேடுறதைப் பற்றிக் கிழமைக்குக் கிழமை ஈமெயில் தொடர்பு எண்டு எனக்கென்ன தெரியும்?

ரெண்டு நாளில மனுசி எங்கட வீட்டு வாசலில நிக்கிறா. தொப்பியில, தோளில எல்லாம் பனி. மகளும் வீட்டில. கலியாணம் குழம்பிச்சுது, நானே என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போட்டிட்டன் எண்டு நினைச்சன்.

"உங்கட தம்பி எங்கட பங்குக்குப் போனவராம்" எண்டா.

மகள் என்னைத் திரும்பிப் பாத்து, பிரெஞ்சில ஏதோ கத்தினாள். பேந்து தமிழில, "அம்மா, என்ன செய்தனீங்கள்?" எண்டாள்.

மனுசி கத்தேல்லை. சப்பாத்தைக் கழட்டி ஓரமாய் வைச்சிட்டு வந்து கதிரையில இருந்தா. "என்னட்டையே கேட்டிருக்கலாமே. அந்த ஊரில இப்ப இருக்கிற ஒருத்தருக்கும் எங்கட பழைய கதை தெரியாது. என்ர பேத்தியார், அம்மாவைப் பெத்தவ, ஒரு வேலைக்காரப் பெட்டைக்குத் தகப்பன் பேரில்லாமல் பிறந்தவ. சின்னப்பிள்ளையிலயே தனியக் கப்பலில ஏத்தி, இஞ்ச ஒரு தோட்டத்தில வேலை செய்ய அனுப்பிப்போட்டினம். தாயைக் கோயிலுக்கு வடக்குப் பக்கம் புதைச்சவை. ஒருத்தருக்கும் வேண்டாத ஆக்களுக்குத்தான் அந்தப் பக்கம். கல்லும் இல்லை, புல்லுத்தான்."

அங்கயும் ஒரு பக்கம் இருக்கு எண்டு எனக்குள்ள ஓடிச்சுது.

"அதுக்கு மேல என்ர கோடு போகாது" எண்டா மனுசி. "பேரப்பிள்ளையெண்டு ஒண்டு வந்தால் அதுக்கு ஒரு பக்கமாவது முழுசாய் இருக்கட்டும் எண்டுதான் உங்களைக் கரைச்சல்படுத்தினனான். நீங்கள் ஏன் மறைக்கிறீங்கள் எண்டு எனக்கும் சந்தேகம் வந்தது. என்ர குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம், அதாலதான் ஒதுங்கிறீங்கள் எண்டு நினைச்சன்."

எனக்கு வெக்கத்தில முகம் எரிஞ்சுது. என்ர ஓட்டை இங்கிலீசில சொன்னன்: "எங்களுக்கு வாங்கு இல்லை. நாங்கள் நிலத்தில இருந்தனாங்கள்."

"ஏன்?" எண்டு கேட்டா.

அந்த "ஏன்" இருக்கே, அதைக் கேட்டவுடன எனக்கு விளங்கிட்டுது, மனுசிக்கு ஒரு நாசமும் தெரியாதெண்டு. இவ்வளவு நாளும் நானே ஒரு பேயைப் பிடிச்சு மடியில வைச்சுக்கொண்டு நடுங்கியிருக்கிறன். பேந்து சொன்னன். சாதி எண்டால் என்ன, வாங்கு ஆருக்கு, ஏன் அப்பா கடைசி வரைக்கும் பின்கதவால கோயிலுக்குப் போனவர், எல்லாம் சொன்னன். மகளின்ர முகத்தைப் பாக்காமல்தான் சொன்னன். மனுசி என்ர கையை எடுத்துத் தன்ர மடியில வைச்சுக்கொண்டா.

சொல்லி முடிச்சிட்டு மகளைப் பாத்தன். "உனக்குத் தெரியக்கூடாதெண்டுதான் பிள்ளை..." எண்டு தொடங்கினன்.

"எனக்குத் தெரியும் அம்மா" எண்டாள்.

"ஆர் சொன்னது?"

"யூனிவர்சிட்டியில எனக்கொரு தமிழ் ஃபிரெண்ட் இருந்தவன் எல்லே, எந்தநேரமும் ஃபோன் எடுப்பான். அவன்ர அம்மா என்னை வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு தந்தவ. உங்கட அம்மா எந்த ஊர், எந்தக் கோயில் எண்டு கேட்டவ. நானும் சந்தோசமாய்ச் சொன்னன். அடுத்த நாளில இருந்து அவன் ஃபோன் எடுக்கேல்லை. ஏனெண்டு பேந்து அவன்ர தங்கச்சிதான் சொன்னவள்."

"ஏன் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் அதெல்லாம் மறந்து நிம்மதியாய் இருக்கிறீங்கள் எண்டு நினைச்சன்."

அவன் ஃபோனை நிப்பாட்டின அந்த மாரிகாலம் எனக்கு நல்லா ஞாபகம். பிள்ளை சாப்பிடாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தவள். கதவில தட்டிக் கேட்டதுக்கு, சோதனைக்குப் படிக்கிறன் எண்டவள். பூசைக்கு வாற சனம் முழுக்கச் சந்தேகப்பட்ட நான், அதை மட்டும் நம்பி, புட்டை மூடி வைச்சிட்டு வேலைக்குப் போனனான்.